ஆனியில் பால் காய்ச்சியவள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழைக்காலத்தில்தான் வாய். எனக்குப் பன்னிரண்டு மாதமும்.

என் கணவர் பேரின்பநாதன் காலமான பிறகு, மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் பழைய மேல்மாடி வீட்டில் நான் தனியாக இருந்தேன். தனியாக என்றால் ராணி மாதிரி. நினைத்த நேரம் எழும்புவேன். படியிறங்கினால் மீன்கடை, மரக்கறிக்கடை, மெட்ரோ எல்லாம் காலடியில். இரவுக்குப் பாணும் சம்பலும் போதுமென்று முடிவெடுத்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. கீழ்வீட்டு மாக்கிரட் பின்னேரங்களில் நாடகம் பார்க்க மேலே வருவாள். அவளும் என்னைப்போல் புருஷனைப் பறிகொடுத்தவள், யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. நாடகத்தில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்தினால் மாமியாரின் பக்கம் நிற்பாள். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

ஆனால் அறுபது தாண்டிய கைம்பெண், நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று வெளியில் சொல்ல முடியுமா? மனுசன் போனதில் இவளுக்குச் சந்தோஷம் என்றல்லவா சனம் கதைக்கும். ஆகவே கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கையில் யாராவது சுகம் விசாரித்தால் ஒரு பெருமூச்சு விடுவேன்.

"என்னத்தைச் சொல்ல. ஒற்றைப் பிள்ளை. அவனுக்கும் ஆயிரம் சோலி. நான் விழுந்து கிடந்தாலும் பாக்க ஆர் இருக்கினம்?"

சொல்லும்போது கண்ணும் கொஞ்சம் கலங்கும். அந்தக் கலக்கத்தை நான் நன்றாகப் பழகி வைத்திருந்தேன். கேட்டவர்களும் உச்சுக்கொட்டி, தங்கள் தட்டிலிருந்த வடையை எனக்கு வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கோயில் நகரத்துக்கு வெளியே டொலார்டில் இருக்கிறது. என் மகன் ரதீசனின் வீடும் டொலார்டில்தான். நான் விட்ட பெருமூச்சுகள் அவன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மாசி மாதத்துப் பனியில் ஒருநாள் அவனும் மருமகள் துஷாந்தினியும் வந்தார்கள். ரதீசன் சப்பாத்தைக்கூடச் சரியாகக் கழற்றாமல் என் முன்னால் வந்து இருந்தான்.

"அம்மா, நீங்கள் எங்களோட வந்திருங்கோ. கீழ பேஸ்மென்டை உடைச்சு உங்களுக்கெண்டு ஒரு அறை கட்டியிருக்கிறம். குளிக்கிற இடத்தில பிடிக்கிறதுக்குக் கம்பியும் போட்டிருக்கு."

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. இரண்டு கலக்கத்துக்கும் காரணம் வேறு வேறு. பிள்ளை காசைக் கொட்டி அறை கட்டிவிட்டு வந்து நிற்கிறான். "அது சும்மா வடைக்காகச் சொன்னது, ராசா" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன மறுநாளிலிருந்து தப்பும் வழி தேடினேன். டொலார்டில் ஒரு பச்சைமிளகாய் வாங்கவும் காரில் போகவேண்டும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. வேலைநாட்களில் அவர்கள் இருவரும் போய்விட்டால், அந்த வடிவான அறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்வது? மாக்கிரட்டிடம் சொன்னேன்.

"மகன் கூப்பிட்டுட்டான் எண்டு இந்தத் தெரு முழுக்க நீதானே பறையடிச்சனி," என்றாள் அவள்.

உண்மைதான். மீன்கடையில்கூடச் சொல்லியிருந்தேன்.

கடைசியில் பஞ்சாங்கம் கைகொடுக்கும் என்று நம்பினேன். இந்த நகரத்தில் வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் முடிவோடு முடியும். ஜூலை முதலாம் திகதி பாதி மொன்றியல் வீடு மாறும். ஜூலை முதலாம் திகதி என்பது நமக்கு ஆனி மாதத்தின் நடு. "ஆனி அடியெடாதே, கூனி குடிபோகாதே" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனியிலும், கூனி என்கிற பங்குனியிலும் வீடு மாறினால் குடும்பத்துக்கு ஆகாது. பிறகு ஆடி வரும், அதுவும் கூடாது. ஆவணி வருவதற்குள் ஏதாவது நடக்காதா?

"ஆனியில எப்பிடியப்பு வாறது?" என்று ரதீசனிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டேன்.

அவன் நேரே போய்க் கோயில் ஐயரிடம் கேட்டுவிட்டான். ஐயர் எத்தனை ஆனியைப் பார்த்தவர். மகன் வீட்டுக்குப் போவது புதுவீடு குடிபூரலே இல்லை, ஆனாலும் அம்மாவின் மனத்திருப்திக்கு அன்று காலை பத்து மணிக்குள் பால் காய்ச்சலாம் என்று சொல்லி அனுப்பினார். பிடித்த ஒரே கொம்பும் முறிந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அப்ப கட்டாயம் பத்து மணிக்குள்ள பால் பொங்கவேணும், அதுவும் வடக்குப் பக்கமாப் பொங்கவேணும்," என்று கறாராகச் சொல்லிவைத்தேன். ரதீசன் தலையை ஆட்டினான். அவன் சின்ன வயதிலிருந்தே என் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு உடனே மறந்துவிடுகிறவன்.

வடக்குப் பக்கம் என்றதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் மேல்வீட்டில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பால் வடக்குப் பக்கமாகத்தான் வழியும். ஒரு வருஷமும் தவறியதில்லை. அது என் பக்தியின் பலன் என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு பக்கம் வழிந்த வீட்டுப் பெண்களுக்கு விரதம் இருக்கும் முறைகூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு பொங்கலன்று என் கணவர் ஒரு தோடம்பழத்தை எடுத்துக் குசினித் தரையில் வைத்தார். அது யாரும் தொடாமலே மெல்ல உருண்டு, வடக்குச் சுவரில் போய் முட்டி நின்றது. வீடு கட்டி நூறு வருஷம் இருக்கும், தரை முழுக்க அந்தப் பக்கம் சரிந்திருந்தது.

"உன்ர பக்தி நல்லா உருளுது, நேசம்," என்றார்.

நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பழத்தின் பின்னால் தவழ்ந்துபோன ரதீசனுக்கு அப்போது சரியாகப் பேச்சும் வராது. அந்த மனுசனை நினைத்தால் இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, அதன் பிறகுதான் மற்றது.

ஜூலை முதலாம் திகதி காலை ரதீசன் வாடகை லொறியோடு வந்தான். கூட அவனோடு வேலை செய்கிற பேனாட் என்ற கியூபெக்காரனும் வந்தான், கதவளவு ஆள். பெட்டிகள் மளமளவென்று இறங்கின. சாமிப்படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், பால்சட்டி, ஒரு பை பால் ஆகியவற்றை மட்டும் நான் கையோடு கொண்டுபோவதற்காகக் குசினியில் வைத்திருந்தேன். மாக்கிரட் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகச் சோபா.

அந்தச் சோபா எங்கள் முதல் சொத்து. நாங்கள் இந்த நகரத்துக்கு வந்த முதல் வருஷம், இதே ஜூலை முதலாம் திகதி, வீடு மாறியவர்கள் வேண்டாமென்று தெருவோரம் விட்டுப்போன சாமான்களை இருவரும் திருவிழாக் கடை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நடந்தோம். பச்சை நிறத்தில் அது நின்றது. அவர் அதில் கால்மேல் கால் போட்டு இருந்து, "வா, மகாராணி" என்றார். தெருவில் போகிறவர்கள் பார்க்க நானும் பக்கத்தில் போய் இருந்தேன். கல்யாணமாகி அதுவரை அவரோடு வெளியிடத்தில் அவ்வளவு நெருங்கி இருந்ததில்லை. பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, இருந்து இருந்து, இளைப்பாறி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அதை எப்படி மேலே ஏற்றினோம் என்பதைத்தான் நான் மறந்துபோனேன். சத்தியமாக மறந்துதான் போனேன். மாக்கிரட் இன்றைக்கும் இதை நம்பவில்லை.

படிக்கட்டு வளைகிற இடத்தில் சோபா சிக்கியது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. ரதீசனும் பேனாட்டும் சோபாவுக்குக் கீழே நின்றார்கள், நானும் மாக்கிரட்டும் மேலே. நடுவில் சோபா தேர்மாதிரி நின்றது. பேனாட் தள்ளிப் பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர் வழக்கப்படி தேவாலயத்துச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டத் தொடங்கினான். மாக்கிரட் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலுவை போட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "தம்பி, அதை அப்பா பல்கணியால கயிறு கட்டி ஏத்தினவர்."

"இதை இப்பவோ அம்மா சொல்லுறது?" என்றான் ரதீசன்.

அந்த நேரம் பார்த்துப் புது வாடகைக்காரர் வந்தார்கள். போன வருஷம்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் சோடி, மாதவனும் ரக்ஷனாவும். சோபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் ஒரு கையில் பால்சட்டி, மறு கையில் போன். போனுக்குள் அவளுடைய தாய்.

"ஆன்ட்டி, பத்து மணிக்குள்ள பால் காய்ச்சணும். ஆனி மாசத்துல போறியேன்னு அம்மா ஏற்கெனவே அழுதுட்டு இருக்காங்க. நேரமும் தப்பிப்போச்சுன்னா என்னைக் கொன்னுடுவாங்க. நீங்க மேல தானே இருக்கீங்க, எங்களுக்காக நீங்க காய்ச்சிடுறீங்களா?"

பேனாட்டின் நீண்ட கை வழியாகச் சோபாவைத் தாண்டி அவளுடைய பால் பை மேலே வந்தது. எனக்கும் அதே பத்து மணி, அதே அவசரம். டொலார்ட் எங்கே, நான் எங்கே.

"ரெண்டையும் ஒண்டா ஊத்து," என்றாள் மாக்கிரட். "ஆரின்ர பால் எண்டு ஆண்டவர் பிரிச்சே பாக்கப் போறார்?"

வெறும் வீட்டில் விளக்கைக் கொளுத்தி, இரண்டு பாலையும் என் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். எத்தனை வருஷம் நின்ற அடுப்படி அது. பால் விளிம்புக்கு ஏறியது. கொஞ்சம் தயங்கியது. பிறகு வழக்கம்போல வடக்குப் பக்கமாக வழிந்தது.

"பொங்கிட்டுதோ?" என்று கீழிருந்து ரதீசன் கேட்டான்.

"எந்தப் பக்கம் ஆன்ட்டி?" என்று ரக்ஷனா கேட்டாள்.

"வடக்கு," என்றேன். போனுக்குள் அந்தத் தாய் அழுகையை நிறுத்திவிட்டு, நல்ல ராசியான வீடு என்று சொல்வது கேட்டது. எனக்கு அடுப்பு தெரியவில்லை. கண்ணீர் மறைத்தது. விடைபெற வேண்டிய வீட்டில் நான் குடிபூரல் செய்துவிட்டு நின்றேன்.

"அம்மா, அழுறீங்களோ?"

படிவாசலுக்கு வந்து நின்றேன். அவனுடைய முகம் சோபாவுக்குப் பின்னால் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் வாய் துணிந்திருக்காது.

"ரதீசன், எனக்கு டொலார்டுக்கு வர விருப்பமில்லையப்பு."

பேனாட் பிரெஞ்சில் என்ன விஷயம் என்று கேட்டான். ரதீசன் சுருக்கமாகச் சொன்னான். "ஆ, பொன்," என்றான் பேனாட். அப்படியா என்று அர்த்தம்.

"அப்ப கோயிலில ஏன் அழுதனீங்கள்?"

"அது சும்மா. அங்க எல்லாரும் அழுறவைதானே."

"சும்மாவோ?"

"ஓம்."

"நான் அறை கட்டினனான், அம்மா."

"தெரியும், ராசா. வடிவான அறை."

வாழ்நாள் முழுதும் ஓயாத என் வாய் தேவையான நேரத்தில் ஓய்ந்தது. மாக்கிரட்தான் முன்னுக்கு வந்து சோபாவைப் பார்த்துக் கதைத்தாள்.

"தம்பி, என்ர மகள் கலியாணம் முடிச்சு ஆத்துக்கு அங்கால லொங்கேய்க்குப் போனதிலயிருந்து அவளின்ர அறை சும்மாதான் கிடக்கு. கொம்மா அங்க இருக்கட்டும். நான் முதலே கேட்டிருப்பன், இவள் மகன் வீட்டுக்குப் போற பெருமையில நிலத்தில கால் வைக்காமல் திரிஞ்சதால கேக்கேல்லை."

"முதல் இந்தச் சோபாவை எடுப்பம்," என்றான் ரதீசன். கீழே இறங்காதது திரும்பி மேலே ஏறியது. ரக்ஷனாவிடம் காற்றடைத்த ஒரு மெத்தையைத் தவிர ஒரு தளபாடமும் இல்லை. சோபா அங்கேயே நிற்கட்டும் என்று சொன்னேன். மாதவன் அதில் இருந்து பார்த்துவிட்டு அவளையும் கூப்பிட்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

லொறியில் ஏற்றிய பெட்டிகளை ரதீசன் ஒவ்வொன்றாக இறக்கி மாக்கிரட் வீட்டுக்குள் வைத்தான். மாக்கிரட் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தான். "போயிட்டு வாறன்," என்று சொல்லி வெறும் லொறியை ஓட்டிக்கொண்டு போனான். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பிள்ளை முகத்தில் கோபம் இல்லை, நொந்துபோன முகம். அதைப் பார்த்த பிறகு எனக்கு மாக்கிரட் வீட்டுச் சோறு இறங்கவில்லை. விரும்பியது கிடைத்த பிறகும் அழுதுகொண்டிருக்க என்னால்தான் முடியும்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. நானும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறிக் கோயிலுக்குப் போனேன். சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மா, "மகனோட போயிட்டியளாம், எப்பிடி?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமூச்சு தானாக வந்தது. அதை விழுங்கிவிட்டு, வடையும் வாங்காமல் வெளியே வந்து, மகன் வீட்டை நோக்கி நடந்தேன்.

துஷாந்தினி கதவைத் திறந்தாள். "வாங்கோ மாமி. இவர் இன்னும் வேலையால வரேல்லை," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அறையைப் பாக்கிறியளோ?" என்றாள். கட்டின நாளிலிருந்து நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

கீழே போனோம். கட்டில், அலுமாரி, சுவரில் அவருடைய படம். குளிக்கிற இடத்தில் கம்பி. மூலையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் புதிதாக ஒற்றைக் கரண்ட் அடுப்பு ஒன்று.

"இது என்னத்துக்குப் பிள்ளை? மேல நல்ல அடுப்பு இருக்கே."

"அது கண்ணாடி அடுப்பு, மாமி. பால் வழிஞ்ச உடன பீப் எண்டு கத்திப்போட்டு நிண்டிடும். நீங்கள் வர இருந்ததுக்கு முதல் கிழமை முழுக்க இவர் வேலையால வந்து பால் காய்ச்சிப் பாத்தவர். சரிவரேல்லை. பேந்துதான் போய் இதை வாங்கினவர். வீடு முழுக்கப் பால் மணம். எனக்கு இப்ப பாலைக் கண்டாலே வெறுப்பு."

நான் குனிந்து அடுப்பைப் பார்த்தேன். அது ஒரு பக்கம் சரிந்து நின்றது. தெற்குப் பக்கத்துக் கால்களுக்குக் கீழே மடித்த காட்போட் மட்டை வைத்திருந்தது. ஒரு மடிப்பு போதாமல், மேலே இன்னொரு மடிப்பு.

கட்டிலில் இருந்துவிட்டேன். அவன் எதையும் மறக்கிறவன் இல்லை. நான்தான் அவனைப்பற்றி ஒன்றும் அறியாமல் ஊரெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். "பாலிருக்கோ, பிள்ளை?" என்று கேட்டேன். துஷாந்தினி மூக்கைப் பொத்திக்கொண்டு போய் எடுத்துவந்தாள்.

பால் விளிம்புக்கு ஏறுகிறபோது மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரதீசன் படியிறங்கி வந்து வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். பால் கொஞ்சம் தயங்கி, மட்டை வைத்ததற்கு எதிர்ப்பக்கமாக வழிந்து மேசையில் ஓடியது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"வடக்கு," என்றேன்.

"உங்கட பக்தி நல்லா உருளுது, அம்மா."

அவன் அப்பாவின் குரல் அப்படியே. அவர் சாகிறதுக்கு முன் எத்தனை தரம் இவனுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் சிரித்தேன். பிறகு, "வெள்ளிக்கிழமையில இஞ்ச வந்து நிண்டு, ஞாயிறு போறன். உனக்குச் சரியோ?" என்று கேட்டேன். அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான். துணியை எடுத்து மேசையைத் துடைத்தான். நான் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இந்தமுறை சும்மா இல்லை.